ஜீப்பைக் காப்பாற்றிய மூக்கு

மார்கழிப் பனிக்காக எங்கள் ஜீப்பில் இரண்டு பெரிய விளக்குகளை நானே பொருத்தினேன். மின்சாரச் சுமையைத் தாங்கும் ரிலே, சுமை மிஞ்சினால் துண்டிக்கும் பியூஸ் எதுவும் வைக்கவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் மெல்லிய ஒயர்களை முறுக்கி இணைத்து, டேப் இல்லாததால் தறியில் மிஞ்சிய பட்டு நூலைச் சுற்றினேன். ஆரணிக்காரன் கைக்கு அதுதானே கிடைக்கும்.

மறுநாள் விடியலில் புடவைக் கட்டுகளோடு கலசப்பாக்கம் புறப்பட்டேன். பின்சீட்டில் இருந்த நெசவாளர் கன்னியம்மா, "அண்ணே, பட்டு கருகுது. ஜல்தியா நிறுத்துங்க" என்றார்.

"வெளியில யாரோ முடியைக் கொளுத்துறாங்கம்மா" என்றேன்.

"பட்டும் அப்படித்தாண்ணே நாறும். நெசப் பட்டானு நான் தினமும் நூலைக் கொளுத்திப் பாத்துகினு இருக்கேன்."

நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். நூல் கருகி, பக்கத்து ஒயர்களின் தோல் உருகத் தொடங்கியிருந்தது. இன்னும் சற்று ஓட்டியிருந்தால் புடவைகளோடு நாங்களும் எரிந்திருப்போம்.

இப்போது ரிலேயும் பியூஸும் கனமான ஒயரும் இல்லாமல் ஒரு விளக்கும் பொருத்துவதில்லை. கன்னியம்மா வண்டியில் ஏறினால் முன்சீட்டு அவருக்குத்தான்.