மங்கை தோற்ற கூட்டம்

காஸ் இல்லாமல் சனம் வெற்றுச் சிலிண்டரோடு கொழும்புக் காலி வீதியில் வரிசை நின்ற வருடம். வெள்ளவத்தையில் மங்கையற்கரசி இருந்த தொடர்மாடியில் ஒரே ஒரு வீட்டில்தான் அடுப்பு எரிந்தது. கீழ்த்தளத்தில் விறகடுப்பு வைத்திருந்த பஸீஹாவின் வீடு. மங்கை மாவையும் இடியப்ப உரலையும் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

"உன்ர நெருப்பு, என்ர மா. எல்லா வீட்டுக்கும் சேர்த்து அவிப்பமே?"

அப்படித்தான் தொடங்கியது. ஹோட்டல் வேலை போன றோஸி கொட்டாஞ்சேனையிலிருந்து விடியப்புறம் பஸ் ஏறி வந்து சேர்ந்தார். சந்தையில் தேங்காய் விற்கும் குடும்பத்து டில்ஷானி சம்பலைப் பொறுப்பெடுத்தார். பிறகு இன்னும் சிலர். வீடுகளுக்குக் கொடுத்தது போக மிஞ்சியது லொட்ஜுகளுக்குப் போனது, பிறகு ரியூஷன் பிள்ளைகளுக்கும் கடைகளுக்கும். பின்பக்கத்துக் கராஜை வாடகைக்கு எடுத்து, கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்தார்கள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக இருந்த பஸீஹா பாஸ்போட்டைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தார். டில்ஷானி வீட்டுத் தேங்காய் சந்தையில் தேங்கிக் கிடக்கவில்லை.

ஐந்தாம் மாடிக் கனவான் ஒருவர், "நான் காசு போடுறன், வேலைக்கு வரமாட்டன், பங்கு தாங்கோ" என்று வந்தார். அன்றைக்கு மங்கை ஒரு விதி கொண்டுவந்தார்: தொடர்ந்து மூன்று மாதம் வேலைக்கு வராதவர் உறுப்பினர் அல்ல.

"கையில மா படாதவைக்கு இங்க இருக்கக் கதிரை இல்லை."

அடுத்த வருடம் மங்கைக்குப் புற்றுநோய் வந்தது. உரலை அழுத்த மணிக்கட்டு விடவில்லை. ஒரே மகள் சாம்பவி இயந்திரப் பொறியியலாளர். அம்மாவின் உரலுக்கு இரும்பில் ஒரு நெம்புகோல் செய்து பூட்டினாள். கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. தள்ளுவதற்கு அம்மாவிடம் பலம் இல்லை.

வேலை செய்யாமல் மூன்று மாதம் முடிந்ததும் தலைவரான மங்கையே கூட்டம் கூட்டினார். சாம்பவி கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் இருத்தினாள். இந்தக் கதிரையும் போனால் அம்மா வெறும் நோயாளிதான் என்று அவளுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

"விதி எல்லாருக்கும் ஒண்டுதான். என்ர பேரை வெட்டுங்கோ."

"பே, அக்கே, பே!" டில்ஷானி சிங்களத்தில் மறுத்துத் தலையாட்டினார்.

"நீங்க போனா எங்களுக்கு ஏசுறதுக்கு யாரு ஈக்கிற?" என்றார் பஸீஹா.

"நீ ஒழுங்கா மா குழைச்சா ஏன் ஏசப்போறன்?"

றோஸி எழும்பினார். "விதிய மாத்துவம். வருத்தம் வந்து படுத்திருக்கிறவங்க தட்டை மத்தவங்க முறை வச்சுப் புழிவம். அது அவங்க செஞ்ச வேலைதான்."

"ஆளுக்காள் விதியை வளைச்சா சங்கம் நிலைக்காது, றோஸி."

"ஆளுக்கில்லக்கா. நாளைக்கு நானும் விழுவன்."

மங்கை றோஸியின் திருத்தத்துக்கு வாக்கெடுப்பு வைத்தார். முன்னாலிருந்த எல்லாக் கைகளும் எழுந்தன.

"எதிர்?"

அவருடைய கை மட்டும் எழுந்தது. தோளுயரத்துக்கு மேல் போகவில்லை. முழங்கையைத் தாங்கச் சாம்பவிக்கு மனம் உந்தியது. ஆனால் அவள் உறுப்பினர் இல்லை. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"தோத்துப்போனன்," என்று மங்கை முறைப்படி அறிவித்தார்.

"வடிவாத் தோத்தீங்க. தோத்தவங்கதான் தேத்தண்ணி ஊத்தோணும்," என்றார் றோஸி.

மங்கை கேத்திலில் கால்வாசித் தண்ணீர் பிடித்துத் தூக்கினார். அடுப்புவரை போகக் கனநேரம் எடுத்தது. ஒருவரும் உதவிக்கு எழும்பவில்லை. அம்மா அப்படி நிமிர்ந்து நடந்து சாம்பவி பார்த்துக் கனநாள் ஆகியிருந்தது.

அதன்பிறகு தினமும் முதல் தட்டு மங்கையின் பெயரில் பிழியப்பட்டது. களுபோவில ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு பஸீஹா அதைப் படமெடுத்து அனுப்புவார். மங்கை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார்.

"நூல் தடிச்சுப் போச்சு. ஆர் புழிஞ்சது? என்ர பேரைக் கெடுக்கிறாளவை."

மழை நாளொன்றில் மங்கை போனார். பொரளையில் தகனம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் சாம்பவி கராஜுக்குப் போனாள். முதல் தட்டு தனியாக ஆவியில் இருந்தது. கேட்கத் தேவையில்லை, யாருடையது என்று.

"றோஸி அன்ரி, அந்த விதி வருத்தக்காரருக்கு மட்டும்தானே. இனி அம்மாவின்ர பேரை வெட்டலாம்."

றோஸி உரலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அதுக்குக் கூட்டம் கூட்டோணும், பிள்ளை. தலைவர் இல்லாம எப்படிக் கூட்டுற?"

தலைவர் இல்லாவிட்டால் உபதலைவர் கூட்டலாம். சாம்பவிக்கு அது தெரியும். உபதலைவர் பஸீஹா முதுகைக் காட்டிக்கொண்டு, அடுத்த தட்டை ஏற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

சாம்பவி முதல் தட்டின் நூல் தடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.