அம்மா தோற்ற பட்டிமன்றம்

எங்கள் வீட்டில் சண்டை என்று ஒன்று நடந்ததே கிடையாது. நடந்ததெல்லாம் பட்டிமன்றம். அப்பா தேனியில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருந்தார். வியாபாரிகள் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஆண்டுதோறும் அவர்தான் நடுவர். அந்த ஒரு நாள் பெருமை போதாமல், மிச்ச ஆசையையெல்லாம் வீட்டில் தீர்த்துக்கொண்டார். வாஷிங் மெஷின் வாங்குவதா, வண்டியை மாற்றுவதா? கோடை விடுமுறைக்குக் குமுளியா, கொடைக்கானலா? எதுவானாலும், மண்டி விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்தில் நாற்காலிகள் எதிரெதிராகப் போடப்படும். நடுவில் அப்பா உட்காருவார். பேசுகிறவருக்கு ஒரு செம்புத் தண்ணீர் வைக்கப்படும். தீர்ப்பு பெரும்பாலும் அவர் காலையில் பல் விளக்கும்போதே முடிவு செய்ததாகத்தான் இருக்கும். ஆனாலும் இரண்டு பக்கமும் கேட்காமல் சொல்ல மாட்டார்.

முறை என்றால் அவருக்கு உயிர். புதிதாக ஒன்று வேண்டும் என்று கேட்கிறவர்தான் அது ஏன் வேண்டும் என்று நிரூபிக்க வேண்டும். வேண்டாம் என்கிறவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே பாதி ஜெயித்த மாதிரி. தன் காரியத்துக்குத் தானே வாதாடக் கூடாது. கருத்தைப் பேசலாம், ஆளைப் பேசக் கூடாது. பழமொழியைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது. முக்கியமாக, 'எல்லாரும்', 'ஒருத்தரும் இல்லை' என்று மொத்தமாக அள்ளிவிடக் கூடாது. இதற்கு அவர் மண்டியிலிருந்தே உதாரணம் சொல்லுவார். "பெட்டியில ஒரு தக்காளி கூட அழுகல் இல்லன்னு சத்தியம் பண்றவன் கூட எதுக்கு மல்லுக்கட்டணும்? ஒரே ஒரு அழுகலைத் தூக்கிக் காட்டு. அவன் கதை முடிஞ்சுச்சு." தீர்ப்பு சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அதை அவரே மீறியதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த விதிகளை அம்மாவைப் போலக் கரைத்துக் குடித்தவர் யாரும் இல்லை. அப்பா பல் விளக்கும்போது எடுத்த முடிவை மதியம் மாற்றவைத்த ஒரே பேச்சாளர் அவள்தான். வாஷிங் மெஷின் அப்படித்தான் வந்தது.

நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடையில் அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். வக்கீலுக்குப் படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். சென்னையில் இடமும் கிடைத்துவிட்டது. அந்த வாரத்துக்குள் போய்ச் சேரவில்லை என்றால் இடம் கைவிட்டுப் போய்விடும். அப்பாவுக்குப் பெருமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அவர் எந்தப் பக்கம் சாய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கம்பத்திலிருந்து அத்தை வந்து இறங்கினாள்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவள் சொல்லுக்கு அப்பா மறுசொல் சொல்லி நான் பார்த்ததில்லை. கம்பத்தில் அவளுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. மாமா இளவயதில் இறந்தபின் அவருடைய தம்பிமார் தோட்டத்தில் பங்கு கேட்டு வழக்குப் போட்டார்கள். அத்தை பல வருடங்கள் உத்தமபாளையம் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் பாதித் தோட்டமும் கிணறும் போயின. அன்றிலிருந்து அந்த வழக்கைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. அத்தை இருக்கும்போது கிணறு என்ற சொல்லைக்கூட அம்மா பார்த்துத்தான் புழங்குவாள். வீட்டுக்கு வந்த மருமகள் நாத்தனாரின் தோல்வியைப் பேசினால் அது குத்திக்காட்டுவது ஆகிவிடும்.

விஷயத்தைக் கேட்டதும் அத்தை செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வக்கீலுக்கா? அந்தப் பொழப்பே வேணாம். பிள்ளை இங்கன தேனியிலயே பி.காம் படிக்கட்டும். நான் சொல்றதைச் சொல்லிட்டேன் தம்பி."

அப்பா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பட்டிமன்றம் என்று அறிவித்துவிட்டார். யார் முகத்திலும் விழிக்காமல் ஒளிந்துகொள்ள நடுவர் நாற்காலியைப் போல வசதியான இடம் உலகத்தில் வேறு இல்லை.

மறுநாள் நாற்காலிகள் போட்டாயிற்று. தேனியிலேயே படிக்கட்டும் என்ற கட்சிக்குத் தானே பேசப்போவதாக அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். அத்தை பேசினால் எதிர்த்துப் பேச அந்த வீட்டில் யாருக்கு நாக்கு எழும்பும்? அப்போதுதான் அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மதினி, நீங்க இருங்க. பஸ்ஸுல வந்த அலுப்பே இன்னும் தீரல. அந்தக் கட்சிக்கு நான் பேசுறேன்."

அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. அக்காவின் முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. அம்மா தன் பக்கம் பேசுவாள் என்று அவள் ராத்திரியெல்லாம் நம்பிக்கொண்டிருந்தாள். தன் காரியத்துக்குத் தானே பேசக் கூடாது என்பதால் அவளும் பேச முடியாது. மிஞ்சியது நான்தான். பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் வாங்கிய இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள்தான் என் தகுதி.

அக்கா என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "நீ தோத்தா அஞ்சு வருசக் கனவு போச்சுடி. அம்மாவே அந்தப் பக்கம் போயிருச்சு. ஒன்னையத்தான் நம்பியிருக்கேன்." நான் பெண் கல்வி பற்றிப் பள்ளி ஆண்டு விழாவுக்கு மனப்பாடம் செய்த பேச்சை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். அம்மா அந்த வழியே தண்ணீர்க் குடத்தோடு வந்தவள், நின்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "நெட்டுருப் போட்டதை ஒப்பிக்காத. எதுத்தாப்புல இருக்கவுக என்ன சொல்றாகன்னு காதுல வாங்கு." எதிரியே வந்து யோசனை சொல்கிறாளே, என்னைக் குழப்பப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் நான் பேசினேன். பெண் என்பவள் வீட்டின் விளக்கு, நாட்டின் கண் என்று கையை ஆட்டி முழங்கினேன். அத்தை தான் கொண்டுவந்த திராட்சைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, உதிர்ந்த பழங்களைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் அக்காவின் பாவாடை ஓரம் தெரிந்தது.

அடுத்து அம்மா எழுந்தாள். வழக்கமாக அவள் பேசினால் அரிவாள்மனையில் வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி இருக்கும். அன்று என்னவோ ஒன்றும் சரியாக அறுபடவில்லை. சென்னையில் தண்ணீர்க் கஷ்டம் என்றாள். ஹாஸ்டல் சாம்பார் பிள்ளைக்குச் சேராது என்றாள். அப்பாவின் புருவம் மேலே ஏறியது. பிறகு அம்மா குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

"முக்கியமா ஒண்ணு சொல்லணும். நம்ம குடும்பத்துக்கு எதுக்கு வக்கீலு? நம்ம சொந்தத்துல கோர்ட்டுப் படி ஏறுனவுக ஒருத்தரும் இல்ல."

அத்தையின் கை நின்றது. அப்பா அம்மாவை ஒரு மாதிரி பார்த்தார். நானோ அடுத்த பத்தியின் முதல் வரி என்ன என்று தேடிக்கொண்டிருந்தேன்.

என் இரண்டாவது முறை வந்தது. எழுந்து நின்றேன். விளக்கு, கண் எல்லாம் முடிந்து மூன்றாவதாக ஒன்று வர வேண்டும். அது வரவில்லை. "நேரம் போகுது" என்றார் அப்பா. கதவுக்குப் பின்னால் அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா மறுபடி எழுந்தாள். அந்த இடத்தில் அவள் சும்மா இருந்திருந்தாலே போதும், ஜெயித்திருப்பாள். வேண்டாம் என்கிறவர் பேசவே தேவையில்லை என்பது அப்பாவின் விதி. அவளோ என் முகத்தையே பார்த்துக்கொண்டு, மடியில் இருக்கிற பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நான் முன்னாடி சொன்னதையே திருப்பிச் சொல்றேன். கோர்ட்டு வாசலை மிதிச்சவுக நம்ம சொந்தத்துல ஒருத்தரும் இல்ல. ஒரே ஒருத்தர் கூட இல்ல."

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கேலி செய்கிறாள் என்றுதான் முதலில் பட்டது. அப்புறம் திடீரென்று தக்காளிப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. அடடா, அம்மா வாயை விட்டுவிட்டாளே. இத்தனை கெட்டிக்காரி இப்படிச் சறுக்குவாளா என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேண்டும் என்று கேட்டவருக்குத்தான் கடைசிப் பேச்சு என்பதும் அப்பாவின் விதி. நான் எழுந்தேன்.

"அத்தை மிதிச்சாகளே. உத்தமபாளையம் கோர்ட்டுக்கு அத்தை போனாகளே."

அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "ஏய். ஆளைப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனா இல்லையா?" அது நடுவர் குரல் இல்லை. அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். இப்படி ஏதாவது உளறினால் முதலில் அம்மாதான் வாயில் ஒன்று போடுவாள். அவள் அசையவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இரு தம்பி" என்றாள் அத்தை. "பிள்ளை சொல்லி முடிக்கட்டும்."

தொடங்கிவிட்டேனே தவிர, எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வாயில் வந்ததைக் கேட்டேன். "அப்ப நம்ம வீட்டுலயே ஒரு வக்கீல் இருந்திருந்தா கெணறு போயிருக்குமா அத்தை?"

அத்தை கூடையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. ஆனால் குரல் வேறு மாதிரி இருந்தது.

"வாய்தாவுக்கு வாய்தா விடியமுன்ன பஸ் ஏறிப் போவேன். அந்த வக்கீல் பாதி நாள் வரவே மாட்டான். எதிராளி பக்கம் சாஞ்சுட்டான்னு எல்லாம் முடிஞ்ச பெறகுதான் தெரிஞ்சுச்சு. உள்ள என்ன பேசிக்கிறாகன்னு எனக்கு வெளங்குற மாதிரிச் சொல்ல ஒரு நாதி இல்ல, ஆத்தா." என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். நீளமான பார்வை. அப்புறம் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "தீர்ப்பைச் சொல்லு தம்பி. எனக்குக் கம்பம் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிர்க்கட்சி ஆதாரமில்லாமல் மொத்தமாக அள்ளிவிட்ட காரணத்தால் அக்கா சென்னைக்குப் போகலாம் என்று தீர்ப்பளித்தார். பாரம் இறங்கிய முகத்தோடுதான் சொன்னார். பிறகு, "நீ போயி இப்படி ஒரு ஓட்டையை விடுவேன்னு நான் நெனைக்கல" என்று அம்மாவிடம் சிரித்தார். "வாய் தவறிருச்சு" என்றாள் அம்மா. நான் வெற்றிக் களிப்பில் தெரு முழுவதும் ஓடி, அம்மாவைத் தோற்கடித்த கதையைப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்காவுக்குத்தான் மனம் ஆறவில்லை. ஜெயித்தது ஜெயித்ததுதான், ஆனால் பெற்றவளே எதிர்த்துப் பேசினாளே என்று அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பெட்டி கட்டும்போதும் வேண்டியதை என்னிடம்தான் கேட்டாள். அம்மா ஒன்றும் விளக்கவில்லை. ஒரு வார்த்தை விளக்கியிருந்தாலும் அது அப்பா காதுக்குப் போயிருக்கும். முறை தவறிய மன்றத்தின் தீர்ப்பு செல்லாது என்று சொல்லி, மறுபடி நாற்காலியைப் போடக்கூடியவர் அப்பா. இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியவர வெகுகாலம் ஆயிற்று. அக்கா இன்று மதுரையில் வக்கீல். அவளுக்கு எப்போது விளங்கியது என்று நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியமானால் எங்கிருந்தாலும் அம்மாவுக்குப் போன் செய்துவிடுகிறாள்.

அக்கா கிளம்பிய அன்று சாயங்காலம் தேனி பஸ் நிலையத்துக்கு அத்தையும் கூடை நிறையத் திராட்சையோடு வந்துவிட்டாள். கூடப் போகிற அப்பா பெட்டியை மேலே ஏற்றினார். அம்மா ஜன்னல் வழியாகப் புளிச்சோற்றுப் பொட்டலத்தை நீட்டினாள். அக்கா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் நகர்ந்து, மண்டித் தெருப் பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் அம்மா கையை இறக்கவில்லை.

அத்தை அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நல்லாத் தோத்த தாயி" என்றாள்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அத்தை மேல் கோபம் கோபமாக வந்தது. ஏற்கெனவே அழுதுகொண்டிருப்பவளிடம் போய் இப்படிக் குத்திக்காட்டலாமா? தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான்தான் என்பதும் உறுத்தியது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தைக்குக் கேட்காமல் சொன்னேன்.

"அழாதம்மா. அடுத்த தடவ ஒனக்காக நான் விட்டுக் குடுக்குறேன்."