கதவோரத்துப் புதினா

ஆம்பூரில் அடிக்கிற வெயில் போதாதென்று எங்கள் தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி பங்களாவில் கண்ணாடியால் ஒரு செடி வீடு கட்டினார். கவிழ்த்த சட்டி மாதிரி வட்டமாக இருக்கும். தோல் வாங்க வந்த வெள்ளைக்காரர் யாரோ சீமையில் இப்படித்தான் தக்காளி விளைகிறது என்று சொல்லிவிட்டாராம். சுதந்திரம் வந்து பத்து வருஷம் இருக்கும். ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அதில் செடி வைக்கும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது.

அதுவரை நான் சுண்ணாம்புக் குழியில் நின்று தோல் புரட்டியவன். கையில் புண் ஆறின நாளே கிடையாது. ஒடுகத்தூர்ப் பக்கம் பயிர் வைத்த கை என்று மேஸ்திரிதான் என்னை அனுப்பி வைத்தார்.

"பொங்கலுக்குள்ள தக்காளி காய்ச்சா இங்கயே இருந்துக்கோ. இல்லாட்டி குழிக்கே போய்டு," என்றார் முதலாளி.

குளிர்காலத்து வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து விழும். தக்காளி தெற்கே, புதினா வடக்கே தண்ணீர்த் தொட்டி நிழலில். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டு நாற்றுக் கூடைகளையும் தெற்குக் கதவோரம் இறக்கினேன். அப்போது முதலாளியின் அம்மா, பெரிய பீபி, முட்டி வலிக்கு வெயில் காய வந்து அதே கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூடின கண்ணாடிக்குள் சூடு ஏற ஏற, என் உடம்பிலிருந்து தோல் நாற்றம் கிளம்பியது. எவ்வளவு சீயக்காய் தேய்த்தும் போகாத நாற்றம். பெரிய பீபி முக்காட்டை இழுத்து மூக்கை மூடிக்கொண்டார். ஐயோ, எனக்கு உயிரே போய்விட்டது.

தினமும் கை வைக்க வேண்டிய தக்காளியை வடக்கே தொட்டிக்குப் பின்னால் நட்டேன். தினமும் வெயில் காய வரும் அவர் பக்கமே போக வேண்டாம் பாருங்கள். கதவோரம் முழுக்கப் புதினா, என் நாற்றத்தை மறைக்க. வீட்டில் சொன்னபோது என் பெண்சாதி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா, செடி வைக்கிறியா, அத்தர் கடை வைக்கிறியா?"

தக்காளி வெளிச்சத்தைத் தேடி ஒட்டடைக் குச்சியாக நீண்டது. பூத்த பூவும் உதிர்ந்தது. புதினா மட்டும் நான் ஊற்றிய தண்ணீரில் எப்படியோ பிழைத்து, கதவைத் திறந்தாலே கமகமத்தது. பொங்கல் வந்தது, ஒரு காய் இல்லை. "நாளையிலேர்ந்து ஷாப்புக்கு வந்துடு," என்று முதலாளி போய்விட்டார்.

பெரிய பீபி கேட்டார்: "தக்காளிய ஏம்பா இருட்டுல கொண்டுபோய் வச்சே?"

பொய் வாயில் வரவில்லை. "எம்மேல அடிக்கிற நாத்தம் உங்களுக்கு பேஜாரா இருக்குமேன்னுதான், பீபிம்மா."

"அரே! எனக்கு இன்னா நாத்தம்? எங்க அப்பாவும் ஷாப்புதான், நான் பொறந்த வீட்டுக் கொல்லையிலயே குழி. எனக்கு ஆகாதது இந்தப் பச்சைப் புதினாதான். தலையே வெடிச்சுப்போகும். அன்னிக்கு அந்தப் புதினாக் கூடையைப் பாத்துதான் மூக்கை மூடினேன். நீயா ஆசையா நட்டிருக்கியேன்னு வாய மூடிக்கினு உக்காந்திருந்தேன்."



மறுநாள் குழியில் இறங்கினேன். "இன்னா தோட்டக்காரரே, தக்காளி எங்க?" என்று பக்கத்தில் நின்றவன் கேட்டான். கேட்காத மாதிரி குனிந்து தோலை இழுத்தேன். அங்கே எனக்கு எந்த நாற்றமும் தெரியவில்லை.