களிக்கு இரண்டு ஆள்

பச்சை அவரைக்காய்க்கு ஒரு மணம் உண்டு. மைசூரில் அதைச் ‘சொகடு’ என்பார்கள். பனி விழத் தொடங்கியதும் தேவராஜ மார்க்கெட்டுக் கூடைகளிலிருந்து கிளம்பி, உரிக்கிறவள் விரலில் பிசினாய் ஒட்டி, சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாமல் மறுநாள் பள்ளிக்கூடச் சிலேட்டு வரை வரும் அந்த மணத்துக்கு ஊரே மயங்கும். எனக்கு மட்டும் அது ஆகாது.

ராமாபுரத்திலிருந்து பிழைக்க வந்த என் அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அதே ஊர்க்காரரான ரங்கசாமி மாமன். அவரும் அங்கே ஃபிட்டர்தான், அப்பாவைவிட ஆறு வருஷம் மூத்த கை. இவர்களுக்குக் கூட்டாளி எங்கள் அடுத்த வாசல் கன்னடக்காரர் சன்னப்பா. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்தால் மூவருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ராகிக் களி, பிதுக்கிய அவரைப் பருப்புக் குழம்பு, கடித்துக்கொள்ள வெங்காயம், அவ்வளவுதான். குழம்பு அம்மாவுடையது, களி ஆண்களுடையது. அத்தனை வயிற்றுக்குக் களி கிண்டுவது ஒற்றை ஆள் காரியமில்லை. கொதிக்கிற பானையைக் கவைக்கோல் கொடுத்து ஒருவர் அழுத்திப் பிடித்தால்தான் இன்னொருவர் துடுப்புப் போட முடியும். பிடிப்பது மாமன், கிண்டுவது அப்பா.

“மாவுக்கு வலிக்குமின்னு தடவறயா? கிண்டுடா.”

“நீ பானையப் புடி மச்சா, பேச்சப் புடிக்காதே.”

இந்தச் சண்டை இல்லாமல் எங்கள் வீட்டில் களி வெந்ததில்லை.

அந்த வருஷம் பட்டறையில் மேஸ்திரி வேலை காலியாயிற்று. மாமனுக்குத்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருக்க, அப்பாவின் பெயர் வந்தது. அப்பா அதைக் கேட்டு வாங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மாமன் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் வருவதாகச் சன்னப்பாவிடம் மட்டும் சொல்லியனுப்பினார்.

அன்று காலை அப்பா அம்மாவிடம் களி வேண்டாம், நெல்லுச்சோறு ஆக்கு, அப்பளம் பொரி, பாயசம் வை என்றார். வாயால் சொல்ல முடியாததை இலை சொல்லிவிடும் என்று நினைத்தார் போலும். “சம்பந்தியா வராங்க? எப்பவும் போல இருக்கட்டுமுங்க” என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. அவரைக்காய் உரித்தபடி நான் பக்கத்திலேயே இருந்தேன்.

மாமன் வந்தார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போய், மூலையிலிருந்த கவைக்கோலை எடுத்தார். சோறு வடித்து மூடியிருந்தது. கோலை இருந்த இடத்திலேயே சாத்திவிட்டு வந்தார்.

கூடத்தில் இரண்டே இலை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெரிய மனிதர் சாப்பிட வந்தால் வீட்டுக்காரன் கூட உட்கார மாட்டான், நின்று பரிமாறுவான். அப்பாவுக்குத் தெரிந்த பெரிய மரியாதை அதுதான். “நீனூ குத்துக்கோ மாராயா” என்று சன்னப்பா அவரையும் உட்காரச் சொல்லிப் பக்கத்துத் தரையைத் தட்டினார். அப்பா சோற்றுப் பாத்திரத்தோடு நின்றுகொண்டேயிருந்தார்.

மாமன் நாலு வாய் சாப்பிட்டு இலையை மடித்தார்.

“வயிறு நெறஞ்சுதுங்க மேஸ்திரி. விருந்தாளிக்கு இதுக்கு மேல என்ன வேணும்?”

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. தை பிறப்பதற்குள் வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு ராமாபுரத்துக்கே போய்விட்டார்.

அப்பா மேஸ்திரி வேலையின் பேச்சையே எடுக்கவில்லை. “சோறாக்கி எங்களப் பிரிச்சவ இவதான்” என்றார். முதலில் சன்னப்பாவிடம் விளையாட்டாகச் சொன்னார், பிறகு கோபமாக, கடைசியில் அதையே நம்பிச் செத்தார். “பழி ஓரிடம், பாவம் ஓரிடம்” என்று அம்மா ஒரே ஒரு தரம் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

இன்று நாங்கள் குடியிருந்த அந்த வரிசை வீடுகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அழைக்காமல் வந்து அடுப்படி வரை நுழைகிற சிநேகிதமும் இல்லை. அப்பாவின் சொல் மட்டும் எப்படியோ பிழைத்துக்கொண்டது. அம்மா சோறாக்கி மாமனை விரட்டிய கதையை என் தம்பிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அன்று காலை அம்மா தடுத்துச் சொன்னதைக் கேட்டிருந்தவள் நான். அப்பா இருந்தவரை பயத்தில் வாய் திறக்கவில்லை. அவருக்குப் பிறகும் அம்மா ஒன்பது வருஷம் இருந்தாள்.