கூறை கட்டிய பாவைப்பிள்ளை

கொழும்பு வெள்ளவத்தையில் சாறிச் சட்டை தைக்கும் கடையொன்றில் நாள் முழுக்க மெஷின் மிதித்துவிட்டு மூன்றாம் மாடி ஏறுவதற்குள் ஜீவராணிக்கு உயிர் போய்விடும். லிஃப்ட் வேலை செய்தால்தானே. காலை நீட்டிப் படுக்க வேண்டிய மனுசி, ஊசியை எடுத்துக்கொண்டு திரும்பவும் குந்துவாள். மருதானை நடைபாதையில் வாங்கிய பழைய பாவைப்பிள்ளைகளுக்கு, தொட்டால் பொடியாகும் பழம் பட்டுகளில் உடுப்புத் தைப்பாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இதெல்லாம் யாருக்கு என்று புருசன் லோகேஸ்வரன் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். யாருக்குமில்லை, அவளுக்குத்தான். அலுத்துப்போன அந்தச் சீவியத்தில் அவளுக்கென்று இருந்த சந்தோசம் அது ஒன்றுதான்.

பழம் பட்டு மடிப்பில்தான் வெடிக்கும். வருசக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்த இடம் இற்றுப்போக, இரண்டு மடிப்புக்கு நடுவில் உள்ள துண்டு மட்டும் தப்பியிருக்கும். அந்த அகலத்தில் மனிதருக்கு என்னத்தைத் தைப்பது? பாவைப்பிள்ளைக்குத் தாராளம். மெஷின் ஊசி பட்டால் கிழியும் என்பதால், பின்னால் மெல்லிய வலைத்துணி கொடுத்துக் கையால்தான் தைப்பாள்.

மேல்மாடிக் கௌரியின் தாய் பரிமளம் களுபோவில ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறிக் கிடந்தார். தன் கல்யாணக் கூறைச் சேலையைத் தன்மேல் போர்த்தித்தான் அனுப்ப வேண்டும் என்பது அவருடைய ஆசை. எதற்கும் ஆயத்தமாக இருப்போமென்று கௌரி அந்தக் கூறையை எடுத்து விரித்தாள். விரித்த கையிலேயே அது மடிப்பு மடிப்பாகப் பிரிந்து போனது. அவள் அழுதுவிட்டு வேறு பட்டொன்று வாங்கி வைத்தாள். கிழிந்ததைப் பாவைப்பிள்ளைகளுக்கென்றாலும் ஆகட்டும் என்று ஜீவராணியிடம் கொடுத்தாள். அந்தச் சிவப்பையும் கட்டத்தையும் கண்டபின் ஜீவராணிக்கு மறுக்க மனம் வரவில்லை. வெட்டிவிட்டாள்.

பரிமளம் சாகவில்லை. வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்த கையோடு கூறையைக் கொண்டுவரச் சொன்னார். கௌரி முகம் வெளிறிப் படியிறங்கி ஜீவராணியிடம் ஓடிவந்தாள். மிச்சத் துண்டுகளை மடித்துக் காட்டி ஏமாற்றலாமா என்றுகூட இருவரும் யோசித்தார்கள். கடைசியில், இந்தக் களைப்பில் பொய்யும் சேர்த்துத் தைக்கத் தன்னால் ஏலாது என்று சொல்லிவிட்டு, ஜீவராணி அந்தக் கூறையில் உடுப்புத் தைத்துக் கட்டிய பாவைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

"வெட்டினது நான்தான் அம்மா," என்று கட்டிலில் வைத்தாள்.

பரிமளம் கொசுவத்தை விரலால் தடவினார். தலைப்பைத் திருப்பிப் பார்த்தார். ஜீவராணி ஏச்சுக்குக் காத்து நின்றாள். அழுதாலும் பரவாயில்லை, ஏதாவது சொன்னால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"இதை என்னோட பெட்டியில வைச்சிடாதேங்கோ பிள்ளையள்," என்றார் பரிமளம். "எரிஞ்சு போயிடுமெல்லோ."