கீர்த்திகா குடுத்த கறுப்பு வெல்வெட்

கட்டுக்கதை எண்டு நினைக்கிறவை இப்பவே எழும்பிப் போகலாம். இது போன தை மாதம், லண்டன் ஸ்ட்ரெதமிலை, பட்டப்பகலிலை நடந்தது. யசோதினியின்ரை முதுகிலை கிடக்கிற தழும்பை நான் என்ரை கண்ணாலை பாத்தனான்.

யசோதினிக்கு மருந்துக்கடையிலை வேலை. தனி ஆள். சனி ஞாயிறு வந்தால் ஒரே பைத்தியம்தான். முதலாம் எலிசபெத் ராணி காலத்துச் சீமாட்டியள் போட்ட கவுன் மாதிரியே, ஊசியும் நூலுமாய்க் கையாலை தைப்பாள். அந்தப் பைத்தியத்துக்குக் கூட்டு வெம்பிளிக் கீர்த்திகா. பத்து வருசச் சிநேகிதம். கூடப் பிறந்ததுகள் கூட அப்பிடி ஒட்டா. இந்தமுறை துணியும் கீர்த்திகாதான் குடுத்தவள். நல்ல கறுப்பு வெல்வெட்.

"எனக்கு வேண்டாமடி, நீ தை" எண்டவள். யசோதினிக்குச் சந்தோசம் தாங்கேல்லை.

அந்தக் கவுனைத் தனிய உடுக்க ஏலாது. முதுகுப்பக்கம் நாடா கோத்து இறுக்க இன்னொரு ஆள் வேணும். கீர்த்திகா வாறன் எண்டவள், வரேல்லை.

"காய்ச்சலடி. நீ போட்டுப் பார். நான் வீடியோவிலை நிக்கிறன்."

யசோதினி போனை மேசையிலை சாத்தி வைச்சிட்டுக் கவுனைப் போட்டாள். நாடா முதுகிலை தொங்கினது. நேரம் பின்னேரம் மூண்டேகால். றோட்டிலை பஸ் போற சத்தம்.

சர்ர்ர்...

நாடா இழுபட்டது. எங்கையோ கொளுவுப்பட்டிட்டுதாக்கும் எண்டு நினைச்சாள்.

சர்ர்ர்... அடுத்த ஓட்டை.

ஆறுதலாய்... பழகின கை கட்டுறமாதிரி. பிடரியிலை குளிர்மூச்சு...

"கீர்த்தி, எனக்குப் பின்னாலை ஆரடி?"

திரையிலை கீர்த்திகா இவளைப் பாக்கேல்லை. இவளின்ரை தோளுக்கு மேலாலை பாத்தாள். அழுதாள்...

"கீர்த்தி!"

டக். கீர்த்திகா போனை வைச்சிட்டாள்.

சர்ர்ர்...

நாடா முதுகுத் தோலை அறுத்துது. மூச்சு அடைச்சுது.

கத்தரிக்கோல்... மேசையிலை... எட்டினது.

முன்பக்கத்தை வெட்டினாள். கவுன் விழுந்தது. திரும்பினாள். ஒருத்தரும் இல்லை. நாடா மட்டும் மேலையிருந்து கீழைவரைக்கும் கோத்து, அழகாய் முடிச்சுப் போட்டிருந்தது.

அடுத்த நாளே வெம்பிளிக்குப் போனாள். கீர்த்திகாவுக்குக் காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கதவுச் சங்கிலியை எடுக்காமல், இடுக்குக்குள்ளாலை கதைச்சாள்.

"நானும் அதிலை ஒண்டு தைச்சனான். எனக்கும் கட்டினது. கவுனை எரிச்சன். அடுத்த நாள் வெட்டாத துணியாய் அலுமாரியிலை கிடந்தது. ஆசைப்பட்டு வாங்கிற ஒருத்தரிட்டைக் குடுத்தாப் பிறகுதான் என்னை விட்டது."

யசோதினி கதவிலை கையாலை அடிச்சாள். நம்பவைச்சுக் கழுத்தறுத்திட்டாளே பாவி! பத்து வருசம்!

"ஏன் எனக்குக் குடுத்தனி?"

கீர்த்திகா கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள்.

"என்ரை தங்கச்சிக்குக் குடுப்பம் எண்டுதான் முதல் நினைச்சன். அவளுக்குப் பிள்ளையள் இருக்கு. உனக்கு ஒண்டெண்டால்... தேடி வர ஆருமில்லைத்தானே."