சீர்த்தட்டில் ஓர் ஊசி

மகன் கதிரின் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி போடப்போகிறோம், கையெழுத்து வேண்டும் என்று இருந்தது. பையனுக்கு எதற்கு? தாள் மாறி வந்துவிட்டது என்று பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனேன். பெர்த்துக்கு வெல்டிங் வேலைக்கு வந்து ஆறு வருஷமாகியும் என் இங்கிலீஷ் அவ்வளவுதான். "பாய். நோ கேர்ள்" என்றேன். நர்ஸ் நான் மறுக்கிறேன் என்று நினைத்து, வேண்டாம் என்கிற கட்டத்தைக் காட்டினார். பிறகு போனில் ஒரு தமிழ்க்காரரைப் பிடித்துப் புரியவைத்தார்கள். உடலுறவில் பரவும் கிருமி. ஆண் வழியாகவும் போகும், ஆணையும் கெடுக்கும். முன்கூட்டியே ஊசி போட்டால், கிருமி நுழைகிற இடத்திலேயே உடம்பு காவல் வைக்கும். கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் அம்மா ஆவடியில் அந்த நோயில்தான் போனார். உதிரம் போவதை ஒரு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. செத்த பிறகு நாங்களும் வயிற்றுக்கட்டி என்றே சொன்னோம்.

கரையான்சாவடியில் இருக்கும் தங்கை செல்வியின் மகள் யாழினி அப்போதுதான் பெரியவளாகியிருந்தாள். போன் போட்டு ஊசியைச் சொன்னேன்.

"கல்யாணம் ஆவாத பொண்ணுக்கு அந்த ஊசியா? வெளிய தெரிஞ்சா இன்னா பேசுவாங்கண்ணா?"

அவள் புருஷன் முருகன் போனை வாங்கினான். "பரிசம் போட்டப்புறம் பாத்துக்கலாம் மச்சான். இப்ப இன்னா அவசரம்?"

தாய்மாமன் சீரை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்களில் இல்லை. யாழினியின் மஞ்சள் நீராட்டுக்கு லீவு போட்டு ஊருக்குப் போனேன். பட்டு, வளையல், பழம் என்று பத்துத் தட்டு. பதினோராவது தட்டில் வெற்றிலை பாக்கின்மேல், அவள் ஊசிக்குப் பணம் கட்டிய ஆஸ்பத்திரிச் சீட்டு. முருகன் எடுத்துப் படித்தான்.

"இன்னா மச்சான், ஊசியெல்லாம் ஒரு சீரா? அடுத்தது குளுக்கோஸ் பாட்டிலா?"

மண்டபமே சிரித்தது.

"எங்கம்மா வயித்துக்கட்டில சாவல. இந்த நோவுலதான் செத்துச்சு" என்றேன். "எம் புள்ளைக்குப் போட்டாச்சு. உம் பொண்ணுக்கும் போடு."

சிரிப்பு நின்றது. செல்வி அழுதாள். மணையில் உட்கார்ந்திருந்த யாழினிதான் பேசினாள். "கதிருக்கே போட்டீங்களா மாமா? அப்ப எனக்கு மட்டும் இன்னா?"

மறுநாள் செல்வியும் நானும் அவளைக் கூட்டிப்போனோம். முருகன் வரவில்லை. இரண்டாவது ஊசி ஆறு மாசம் கழித்து. அதற்கு நான் ஊரில் இருக்க மாட்டேன். அதை விட்டுவிடுவார்களோ என்ற ஒரே கவலையோடுதான் விமானம் ஏறினேன்.

ஊரில் பிள்ளை வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஆணோ பெண்ணோ, கல்யாணம் வரை காத்திருக்காதீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போன வாரம் பட்டறையில் இருக்கும்போது செல்வி ஒரு படம் அனுப்பினாள். இரண்டாவது ஊசி போட்ட கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு யாழினி சிரிக்கிறாள். முதல் ஊசிக்கு நான் நின்ற அதே பக்கத்தில், அவள் தோளைப் பிடித்தபடி முருகன் நிற்கிறான். பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தில் இன்னொரு ஆள் நிற்க இடமில்லை.